ஒன்பது வாரம் தொலைக்காட்சியில் வந்த டீச்சர்

என் மருமகளை விரட்டிவிட்டார்களாம்! யார் சொன்னது? மாடிப்படிக்குக் கீழே தையல் மிஷின் போட்டிருக்கிறாளே, அவள்தான். என் தோள் அளவை எடுத்துக்கொண்டே கேட்கிறாள்: "உங்க மருமகளுக்கு நடிப்பே வரலியாமே, அதான் தொடரையே நிறுத்திட்டாங்களாமே?"

"நீ கையால தைக்கிறியா, வாயால தைக்கிறியா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தேன். அன்றைக்குப் படப்பிடிப்பில் கூடவே இருந்தவள் நான். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன், முழுசாகக் கேளுங்கள்.

என் மருமகள் நடிகை இல்லை. பதினாறு வருஷமாக மூன்றாம் வகுப்பு டீச்சர். ஒரு டீச்சரின் அன்றாடப் பாடுகளை வைத்துச் சிரிப்புத் தொடர் எடுக்கப்போவதாகச் சொல்லி, வகுப்பு எப்படி நடக்கிறது என்று பார்க்க ஒரு இயக்குநர் அவள் பள்ளிக்கு வந்தார். கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தவர் மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. "நடிகையே வேண்டாம், நீங்களே வாங்க" என்று கூப்பிட்டுவிட்டார். அவளுக்கும் உள்ளூர ஆசைதான். தனியாக நின்று வசனம் பேசுவாள். எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவு மெல்லியது. பள்ளியில் ஒரு வருஷம் சம்பளமில்லாத விடுப்பு கொடுத்தார்கள். நடுவில் திரும்பினால் இடம் கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

நான் தினமும் கூடப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. அவள் சாப்பிட மறந்துவிடுவாள், அதற்காகத்தான். கேமராவுக்குப் பின்னால் எனக்கென்று ஒரு மடக்கு நாற்காலி போட்டார்கள்.

பெரிய கொட்டகைக்குள் மூன்று சுவர் வைத்த வகுப்பறை. ஜன்னலில் தெரிந்த மரம் துணியில் வரைந்தது. கதவைத் திறந்தால் வராந்தா இல்லை, பலகையும் ஒயரும்தான். பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் நடிக்க வந்தவர்கள். கரும்பலகை ஒன்றுதான் நிஜம். அதுதான் வினையாகப் போயிற்று.

விளக்கு மாற்ற அரைமணி, கேமரா நகர்த்த அரைமணி. அந்நேரம் மற்றவர்கள் கோழித்தூக்கம் போடுவார்கள். இவள் எதிரே பிள்ளைகள் பெஞ்சில் இருக்கிறார்கள், கையில் சாக்பீஸ் இருக்கிறது. சும்மா இருப்பாளா? வாய்ப்பாட்டை ஆரம்பித்துவிட்டாள்.

அந்தக் கூட்டத்தில் ஒன்பது வயதுப் பெண்குழந்தை ஒன்று. ஒல்லி என்பதால் எல்லோருக்கும் அவள் குண்டூசி. மூன்று வயதிலிருந்து நடிக்கிறவள், பள்ளிக்கூடம் போன நாளை எண்ணிவிடலாம். டீச்சர் எதைக் கேட்டாலும் அசட்டு விடை சொல்வதுதான் தொடரில் அவள் வேலை. பிறகு அதன்மேல் சிரிப்புச் சத்தத்தை ஒட்டுவார்கள். ஜனங்கள் பார்த்ததே அதற்காகத்தான். நாலு வாரம் கழித்து ஒரு நாள் மருமகள் அவளிடம் கேட்டாள்.

"ஏன்டா கண்ணு, ஏழெட்டு எவ்வளவு?"

"வசனத்துல நாப்பது, டீச்சர்."

"வசனத்த விடு. நெஜமா எவ்வளவு?"

குழந்தை தரையைப் பார்த்தது. அதுவரை அது நடிக்கவே இல்லை என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

அன்றிலிருந்து, அங்கே நடிக்கிறவர்களுக்குத் துணி தைக்கிறவரிடம் பொத்தான்கள் வாங்கி, ஏழு ஏழாக எட்டு வரிசை அடுக்கி அடுக்கிச் சொல்லிக்கொடுத்தாள். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கே ஏறிவிட்டது. கைநாட்டு நான். தூக்கத்தில் தட்டிக் கேட்டாலும் ஏழெட்டு ஐம்பத்தாறு என்பேன்.

ஒன்பது வாரம் ஒளிபரப்பாகிவிட்டது. பார்க்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள், இந்தத் தடவையும் சிரிப்பு வராவிட்டால் நிறுத்திவிடுவோம் என்று தொலைக்காட்சிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். மருமகள் வசனப்படி ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டாள். குண்டூசி விறைப்பாக எழுந்து நின்றாள்.

"அம்பத்தாறு, டீச்சர்!"

இயக்குநர் நிறுத்தச் சொன்னார். மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் ஐம்பத்தாறு. ஆறு தடவை ஆயிற்று. குழந்தை அழுதுவிட்டது. "டீச்சர் கேக்கும்போது எப்படி சார் தப்பா சொல்றது?"

இயக்குநர் மருமகளிடம் வந்தார். "நீங்க சொன்னாதான் கேப்பா. தப்பா சொல்லச் சொல்லுங்க மேடம். ஒரே ஒரு தடவ."

"அவ சரியாவே சொல்லட்டும் சார். நான் போர்டுல தப்பா போட்டுட்டு முழிக்கிறேன். என்னப் பாத்துச் சிரிக்கட்டும்."

"டீச்சர் அசடுன்னா அது வேற கதை. நின்னுபோச்சுன்னா எல்லார் பொழப்பும் போகும். உங்களுக்கும் ஸ்கூல்ல எடமில்லன்னாங்க, மறந்துட்டீங்களா?"

மறைப்பானேன், "சொல்லித் தொலையேம்மா, வெறும் நாடகந்தானே" என்று நானும் குரல் கொடுத்தேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நமக்கு நாடகம், அத்தை. அவ இப்பத்தான் கத்துக்கிட்டா."



மருமகள் குழந்தையிடம் போய் மூக்கைத் துடைத்துவிட்டாள். "நீ சொன்னதுதான் சரி. யார் கேட்டாலும் அதையே சொல்லு" என்றாள். கரும்பலகையைச் சுத்தமாக அழித்தாள். மிச்ச சாக்பீஸை டப்பாவில் போட்டு மூடினாள். வகுப்பு முடிந்தால் எப்படிப் போவாளோ அப்படியே கதவைப் பார்த்து நடந்தாள்.

பன்னிரண்டு பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள். யாரும் நிற்கச் சொல்லவில்லை, கேமராவும் ஓடவில்லை. அவள் கதவைத் திறந்து, பலகைக்கும் ஒயருக்கும் நடுவே குனிந்து வெளியே போனாள். நான் நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனேன்.