பெட்ரோல் மூடியில் வைத்த பொட்டு

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொல்லி அண்ணி கேட்டார். அவர் உயிரோடு இருந்தபோது அவரை அதிகம் திட்டியவள் தங்கையாகிய நான்தான் என்பது உறவினர் எல்லோருக்கும் தெரியும். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு கடைவீட்டின் மாடி அறையில். அப்பா காலமானபோது அவருக்குப் பதினாறு வயது, எனக்கு ஏழு. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நாள் சம்பளத்துக்குப் புல் வெட்டப் போனார். நீளக் கம்பில் கத்தி பொருத்தி வீசி வெட்டும் வேலை. சாயங்காலம் தோளைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். வலிக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் புல் வெட்டுபவர்கள் கூடிக் கருவிகளை வைக்கும் கொட்டகைக்குப் புல் வெட்டும் இயந்திரங்கள் வந்தன. பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றி, கயிற்றை இழுத்துக் கிளப்பும் சின்ன எஞ்சின்கள். மற்றவர்கள் கை நோக இழுப்பார்கள், கிளம்பாவிட்டால் உதைப்பார்கள். அண்ணன் பார்த்துப் பார்த்தே அதன் குணத்தைத் தெரிந்துகொண்டார். எண்ணெய் குறைந்தால் எஞ்சின் சூடேறி இறுகிவிடும், கூடினால் பிளக்கில் கரி பிடிக்கும் என்பார். குளிர்ந்த எஞ்சினுக்கு, காற்றைக் குறைக்கும் சோக்கை மூடி இழுப்பார். அது ஒருமுறை இருமியதும் திறந்துவிடுவார். பிறகு கார்புரேட்டர் திருகைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்பியபடி, சத்தம் சீராகும்வரை தலையைச் சாய்த்துக் கேட்பார்.

"மூணு இழுப்புல வரலன்னா நிறுத்திரு லா. கோளாறு எங்கன்னு பாரு. சும்மா இழுத்தா பிளக்கு பெட்ரோல்ல முங்கிப்போயிடும்" என்பது கூட்டாளிகளுக்கு அவர் சொல்வது. பெட்ரோல் நாறும் அவர் சட்டையை நான் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் துவைப்பேன்.

கொட்டகைக்கு நிரந்தர மெக்கானிக் ஒருவரை எடுக்கப்போவதாகச் செய்தி வந்தது. நிரந்தர வேலை என்றால் தரைத்தளத்தில் இரண்டு அறை வீடு கிடைக்கும். அம்மாவுக்கு மூச்சிரைப்பு. எங்கள் மாடிப்படியில் பாதி ஏறியதும் உட்கார்ந்துவிடுவார். அண்ணனுக்கு அந்த வேலை வேண்டியிருந்ததே அதற்காகத்தான். ஆயுத பூஜைக்கு மறுநாள் மேலதிகாரியான துரை வந்து இயந்திரத்தை ஓட்டிக் காட்டச் சொல்வார் என்று ஏற்பாடு.

பூஜைக்கு நானும் அம்மாவும் போயிருந்தோம். எனக்கு அப்போது பதினெட்டு வயது. வரிசையாக நிறுத்தியிருந்த இயந்திரங்களுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தது நான். அண்ணன் ஓட்டிக் காட்டப்போகும் இயந்திரத்துக்கு மட்டும் தனியாக, பெட்ரோல் டாங்கி மூடியின் நடுவில் பெரிய பொட்டாக வைத்தேன். வட்டமான அந்த மூடி பார்க்க நெற்றி மாதிரி இருந்தது.

மறுநாள் சாயங்காலம் அண்ணன், "வேலை வேற ஆளுக்குப் போயிடுச்சு" என்று மட்டும் சொன்னார். நான் சும்மா இருப்பேனா?

"எல்லார் மிஷினையும் கிளப்புறீங்க. உங்க வேலைக்குன்னு வந்தப்ப கிளம்பலையா?"

"கிளம்புச்சு. நின்னுபோச்சு" என்றார், சாப்பிட்டுக்கொண்டே.

அந்த இடம் மறுபடி காலியாகி அவருக்குக் கிடைக்க இன்னும் இரண்டு வருடமானது. அதுவரை, அம்மா படியில் உட்காரும்போதெல்லாம் அண்ணன் காதில் விழும்படி ஏதாவது குத்திச் சொல்வேன். அடுத்த ஆயுத பூஜையில், "மூடியில வேணாம், பிடியில வை" என்றார். "பொட்டு வைக்கக்கூட எனக்குச் சொல்லித் தரணுமா?" என்று அதற்கும் சண்டை போட்டேன். சிரித்தார். ஒவ்வொரு வருடமும் அதையே சொன்னார்.

பிறகு புது வீட்டில் அம்மா படியேறாமல் நிம்மதியாகக் கண் மூடினார். அண்ணன் எனக்குக் கல்யாணம் செய்துவைத்த பிறகே தாமும் செய்துகொண்டார். சென்ற ஆண்டு ஒரு காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், மூன்றாம் நாள் மருத்துவமனையில் எங்களை விட்டுப் போய்விட்டார்.

காரியத்தன்று, அண்ணனோடு தொடக்கம் முதல் வேலை செய்த காதர் அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தங்கச்சி, துரை பார்க்க வந்த அன்னிக்கு மிஷின் முதல் இழுப்புலயே கிளம்புச்சு. கொஞ்ச நேரத்துல நின்னுபோச்சு. மறுபடி கிளப்புனாரு, மறுபடி நின்னுச்சு. பிளக்கைப் பார்த்தாரு, கார்புரேட்டரைப் பார்த்தாரு. கடைசியில டாங்கி மூடியத் திறந்தா, புஸ்ஸுன்னு காத்து உள்ள போவுது. மூடியில காத்து போக ஊசி ஓட்டை ஒண்ணு இருக்கும் லா. அது அடைச்சா பெட்ரோல் இறங்காது. சந்தனம் காஞ்சு அடைச்சிருந்துச்சு. யார் வச்சதுன்னு துரை கத்துனாரு. உன் அண்ணன் 'நான்தான் சார்'னுட்டாரு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

அந்த இரண்டு வருடத்தில் ஒரு நாளாவது அவர் என்னை அதட்டியிருக்கலாம்.

அண்ணனை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்ற பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பத்தாருக்கும், இரவு பகல் பாராமல் உடனிருந்த சொந்தங்களுக்கும், பாடை சுமந்த கொட்டகைத் தோழர்களுக்கும், சத்தியத்தை மீறிய காதர் அண்ணனுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

துக்க வருடம் என்பதால் இந்த முறை ஆயுத பூஜைக்கு நான் போகவில்லை. "எல்லாரும் பிடியிலதான் பொட்டு வச்சாங்க. ஏன்னு புதுசா வந்தவங்களுக்குத் தெரியல" என்று காதர் அண்ணன் வந்து சொன்னார். அவர்களுக்கும் தெரியட்டும். மூடியில் வைத்தது நான்தான், அண்ணா.