நீட்டாத கை

போன மாதம் தக்கலையில் ஒரு காரும் ஒரு சைக்கிளும் உரசிக்கொண்டன. சைக்கிளின் மட்கார்டு வளைந்தது, கார்க் கதவில் ஒரு கோடு விழுந்தது, அவ்வளவுதான். ஆனால் சண்டை பெரிதாகிவிட்டது. கார் ஓட்டிய இளைஞர், வண்டிக்குள் கேமரா இருக்கிறது, எல்லாம் பதிந்திருக்கிறது என்று கைப்பேசியை ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் பிடித்தார். சைக்கிள்காரர் அதைப் பார்க்க மறுத்தார். “உனக்க கேமரா உனக்க பக்கம்தான் பேசும்” என்றார். கூட்டத்தில் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டார். “சாரே, நிங்க இங்கதானே நிண்ணிய? யாருக்க மேல தப்பு? நிங்க சொன்னா செரி.”

நான் பார்த்திருந்தேன். பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு நடந்தேன். நரைத்த தலையும் கண்ணாடியும் குடையுமாக நிற்கும் ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர் சொன்னால் ஊர் நம்பும். எனக்கு அதுதான் பயம். ஊர் என்னை முன்பு ஒரு முறை நம்பியிருக்கிறது. அப்போது எனக்குப் பத்து வயது.

என் அம்மாவின் தம்பிக்குக் குலசேகரத்தில் ரப்பர் தோட்டம் இருந்தது. எங்கள் உறவில் முதலில் கார் வாங்கியவர் அந்த மாமாதான். யாரோ ஓட்டித் தேய்த்த கறுப்புக் கார். அந்தக் காலத்துக் கார்களில் திரும்புவதைக் காட்ட இப்போது இருப்பது போல மின்னும் விளக்குகள் கிடையாது. இரு பக்கமும் கதவுக்குப் பின்னால் உள்ள தூணில், ஒரு சாண் நீளத்துக்குச் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னக் கை மடங்கிக் கிடக்கும். விசையைத் தட்டினால் அது வெளியே நீளும். ஊரில் அதைக் கைகாட்டி என்போம். மாமாவின் காரில் வலது கைகாட்டி ஒழுங்காக நீண்டது. இடது கைகாட்டி செத்துப்போயிருந்தது. நாகர்கோவில் மெக்கானிக் வரை பார்த்துவிட்டு முடியாது என்று சொன்ன பிறகு, அந்த வேலைக்கு மாமா என்னை அமர்த்தினார்.

முன் இருக்கையில் இடது சன்னலோரம் என் இடம். மாமா “மக்கா, கை” என்றதும் நான் கையை முழுதாக வெளியே நீட்ட வேண்டும். வண்டி திரும்பி முடியும் வரை மடக்கக் கூடாது. சனிக்கிழமைகளில் மாமா வருவார், நான் ஏறி உட்காருவேன். எங்கள் பக்கத்துச் சாலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் என் கை தெரியும். சிலர் என்னைப் பார்த்ததும் தங்கள் கையையும் நீட்டிச் சிரிப்பார்கள். பள்ளியில் எனக்குக் கிடைத்த எந்தப் பரிசும் தராத பெருமை அதில் இருந்தது. ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்புவித்து நான் வாங்கிய பரிசுகள் குறைவல்ல.

எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவந்தவர் முட்டத்துக்காரர். சைக்கிள் கேரியரில் பெரிய கூடையை வைத்துக் கட்டி, ரப்பர் குமிழ் ஹாரனை அமுக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். சாலை விதிகளில் அவருக்கு இருந்த கவனம் வேடிக்கையானது. முன்னும் பின்னும் ஆளில்லாத சாலையிலும் திரும்புவதற்கு முன் கை காட்டுவார். “இருவது வருசமா சைக்கிளு சவுட்டுதேன், ஒரு கோழியக்கூட தட்டினதில்ல” என்று அம்மாவிடம் சொல்வார். அம்மா, “கோழிய தட்டினா மீனு ஆரு வாங்குவா?” என்பாள். என்னை அவர் கைகாட்டி என்றே கூப்பிட்டார். “ஏலே கைகாட்டி, நீ கைய நீட்டினா நான் நிண்ணிருவேன். நீட்டல்லேண்ணா நான் எனக்க வழியே போவேன், கேட்டியா?”

கேட்டேன். நன்றாகவே கேட்டேன்.

அந்தச் சனிக்கிழமை காலையில் மாமா என்னை முட்டத்துக்குக் கூட்டிப்போனார். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறை இடுக்கில் ஒரு சிவப்பு நண்டைப் பிடித்தேன். உள்ளங்கை அகலம்கூட இல்லாதது. ஒரு தேங்காய்ச் சிரட்டையில் ஈர மணல் போட்டு அதில் வைத்துக்கொண்டேன். காரில் ஏறும்போது மாமா அதைப் பார்த்தார். “வண்டிக்குள்ள விட்டிராத மக்கா, பொறவு காலுக்கெடையில கெடக்கும்” என்றார். வலது கையால் சிரட்டையைப் பிடித்து, இடது கையால் அதை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். விரல்களுக்குக் கீழே நண்டு ஊர்ந்துகொண்டே இருந்தது.

எங்கள் ஊருக்குப் பிரியும் முக்கில் ஒரு டீக்கடை உண்டு. அதற்கு முன்பே மீன்காரரின் சைக்கிளைப் பார்த்துவிட்டேன். கூடை நிறைய மீனோடு சாலையின் இடது ஓரமாகப் போய்க்கொண்டிருந்தார். மாமா ஹாரன் அடித்து அவரைத் தாண்டினார். தாண்டிச் சிறிது தூரத்திலேயே முக்கு வந்துவிட்டது.

“மக்கா, கை.”

நான் கையை எடுக்கவில்லை. எடுத்தால் நண்டு வெளியே வரும். ஒரே ஒரு முறைதானே என்று நினைத்தேன். அந்த நினைப்பு இன்றும் அதே சொற்களோடு எனக்குள் இருக்கிறது. மாமா என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். வண்டியின் வேகம் குறையவில்லை. அவர் வளைத்தார்.

சத்தம் பெரிதாக இல்லை. கூடை சாலையில் விழுந்த சத்தம்தான் காதில் இருக்கிறது. சாளை மீன்கள் தார் மீது வழுக்கிக்கொண்டு போயின. மீன்காரர் சைக்கிளுக்கு அடியில் கிடந்தார். வலது கால் இருக்கக் கூடாத விதத்தில் மடங்கியிருந்தது.

மாமா வண்டியை நிறுத்தினார். முதலில் அவர் செய்தது என் மடியிலிருந்த சிரட்டையைப் பிடுங்கியதுதான். தன் பக்கத்துச் சன்னல் வழியாக அதை வாழைத் தோட்டத்துக்குள் வீசி எறிந்தார். பிறகுதான் கதவைத் திறந்து இறங்கினார். நான் நண்டுக்காக அழ ஆரம்பித்தேன்.

டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். அந்த நாட்களில் சாலையில் ஒரே சட்டம்தான். பெரிய வண்டிதான் குற்றவாளி. காருக்கும் சைக்கிளுக்கும் நடுவில் விசாரணை தேவைப்படாது. ஒருவன் காரின் முன்பக்க மூடியில் ஓங்கித் தட்டினான். இன்னொருவன் மாமாவின் சட்டையைப் பிடிக்க வந்தான். டீக்கடைக்காரர்தான் குறுக்கே நின்றார்.

“காருக்காரரே, பாவப்பட்டவன் சவுட்டுத ரோடு ஒமக்குக் கண்ணுல படாதோ?”

மாமா நிதானமாகப் பேசினார். “அண்ணாச்சி, முன்னால போற வண்டிக்கு இடப்பக்கமா கேறி வரலாமா? சட்டம் என்ன? நான் திரும்பும்போ அவன் உள்ள வந்து சாடியிருக்கான்.”

மீன்காரரை இரண்டு பேர் தாங்கி உட்கார வைத்திருந்தார்கள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே பேசினார். “நான் கேறி வரல்ல. சைக்கிளு ஓரத்துல போவாம பின்ன எங்க போவும்? நிங்கதான் என்னத் தாண்டினிய, ஒடனே வளைச்சிய. கை வெளிய வரல்ல. வந்திருந்தா நான் நிண்ணிருப்பேன்.”

“கைகாட்டி இருக்கா வண்டியில?” என்றார் டீக்கடைக்காரர்.

“இடத்தது கேடு. அதுக்குத்தானே பிள்ளைய இருத்தியிருக்கு. ஊருக்கே தெரியுமே.” மாமா என்னை வண்டியிலிருந்து இறக்கினார். அவர் கை என் தோள் மீது இருந்தது. “இவன்கிட்ட கேளுங்க. சபையில வசனம் சொல்லிப் பரிசு வாங்கின பிள்ளை. மக்கா, நீ கை நீட்டினியா, இல்லியா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மீன்காரரும் பார்த்தார். அவர் முகத்தில் அப்போது ஒரு நிம்மதி வந்ததை நான் கண்டேன். கைகாட்டி உண்மையைச் சொல்லிவிடுவான் என்று இருந்தார் அவர்.

“நீட்டினேன்” என்றேன்.

மிரட்டியதால் சொன்னேன் என்று எழுத எனக்கு விருப்பம்தான். யாரும் மிரட்டவில்லை. தோளில் இருந்த கை அழுத்தக்கூட இல்லை. நீட்டவில்லை என்றால் அந்த முன் இருக்கை எனக்கு இல்லாமல் போகும், அது ஒன்றுதான் என் மனதில் இருந்தது.

கூட்டம் தணிந்துவிட்டது. “பச்சப்பிள்ள கள்ளம் சொல்லுமா?” என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டினார்கள். காரைத் தட்டியவன் சிதறிய மீனைப் பொறுக்கக் குனிந்தான். மாமா மீன்காரரைப் பின் இருக்கையில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். தப்பு அவன் பக்கம் இருந்தும் தூக்கிக்கொண்டு போனாரே, என்ன மனுஷன் என்று அன்று மாலையே ஊரில் பேச்சு. அம்மாவும் அதையே சொன்னாள்.

மூன்று மாதம் கழித்து மீன்காரர் எங்கள் வீட்டுக்கு நடந்து வந்தார். கால் கூடிவிட்டது, லேசான சாய்வு மட்டும் இருந்தது. கூடை இல்லை, சைக்கிளும் இல்லை. முற்றத்துத் தென்னையடியில் நின்று என்னைக் கூப்பிட்டார். அம்மா அடுக்களையில் இருந்தாள்.

“மக்கா, எனக்கு ஆருமேலயும் கோவம் இல்ல. ஒரு காரியம் மட்டும் அறியணும். கண்ணு டாக்டர்கிட்ட போனேன். கண்ணு நல்லாத்தான் இருக்குண்ணு அவரு சொல்லுதாரு. நல்ல கண்ணுன்னா, ஒனக்க கை எனக்கு எப்பிடித் தெரியாம போச்சு? ஓர்மப்படுத்திச் சொல்லு. கை வெளிய வந்துதா?”

அங்கே மாமா இல்லை. கூட்டம் இல்லை. அவர் குனிந்து என் முகத்துக்கு நேராக நின்றிருந்தார். அந்த ஒரு சொல்லுக்காக முட்டத்திலிருந்து நடந்து வந்திருந்தார்.

“வந்துது” என்றேன்.

அவர் நிமிர்ந்தார். “செரி மக்கா” என்றார். “அப்போ டாக்டருக்குத்தான் தெரியல்ல.” என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்.

அதன் பிறகு அவர் சைக்கிள் ஏறவில்லை. கால் தடுக்கவில்லை. பகலில் ஒரு முழுக் கையைக் காணாத கண்ணை நம்பி எப்படிச் சாலையில் இறங்குவது என்று எல்லோரிடமும் சொன்னார். தன் கண்ணால் இன்னொரு உயிர் போய்விடக் கூடாது என்றும் சொன்னார். சைக்கிளை மைத்துனருக்குக் கொடுத்துவிட்டார். அவர் மனைவி கூடையைத் தலையில் சுமந்து நடந்து வந்தாள். எங்கள் ஊரை எட்டும்போது உச்சி வெயில் ஆகியிருக்கும், மீன் தளர்ந்திருக்கும், மற்ற வீடுகளில் அதற்குள் வேறு யாரிடமாவது வாங்கியிருப்பார்கள். அவரைப் பற்றி ஊரில் ஒரு கேலியும் உண்டானது. யாராவது கால் இடறினால், “என்னலே, முட்டத்து மீன்காரன் கண்ணா உனக்கு?” என்பார்கள். நானும் ஒரு முறை பள்ளியில் அப்படிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

படித்தேன், வேலைக்குப் போனேன். அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு விடுமுறையிலும் நினைத்துக்கொள்வேன். அடுத்த விடுமுறையில் ஆகட்டும் என்று விட்டுவிடுவேன். ஒரு விடுமுறையில் ஊருக்கு வந்தபோது அவர் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. கடைசிவரை தெருவைக் கடக்க யாருடைய கையையாவது பிடித்துக்கொண்டாராம். நல்ல பார்வை உள்ள மனிதர்.

மாமா சிரட்டையை வீசியதன் பொருள் எனக்கு முப்பது வயதுக்கு மேல், நானே கார் ஓட்டத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது. கூட்டம் வந்து பார்க்கும்போது என் கைகள் காலியாக இருக்க வேண்டும். நான் நீட்டவில்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் அத்தனை பேர் முன்னால் என்னிடம் கேட்டார்.

அன்று எனக்கு அது தெரியாது. நண்டைக் காரில் ஏற்றியதற்காக மாமா கோபப்பட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த வாரம் முழுதும் அவர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று பயந்துகொண்டிருந்தேன். அடுத்த சனிக்கிழமை அவர் தனியாகவே முட்டத்துக்குப் போய்விட்டு வந்தார். இறங்கியதும் என்னைக் கூப்பிட்டு, புதிய சிரட்டை ஒன்றைக் கையில் கொடுத்தார். உள்ளே முன்னதைவிடப் பெரிய சிவப்பு நண்டு இருந்தது. மாமாவின் கோபம் தீர்ந்துவிட்டது என்று துள்ளிக்கொண்டு, அதை அம்மாவிடம் காட்ட ஓடினேன்.