காதர் பாயின் கைநாட்டு

என் மகன் கனடாவில் இருக்கிறான். போன வாரம் பேரனின் படம் ஒன்றைப் போனில் அனுப்பியிருந்தான். தலையில் கம்பிக்கூண்டு வைத்த தொப்பி, மார்பில் கவசம், இரண்டு கால்களிலும் தொடை வரைக்கும் தடித்த பேடு. பனிக்கட்டித் தரையில் ஆடுகிற ஹாக்கியாம், பேரன்தான் கோல் கீப்பராம். 'தாத்தா மாதிரியே வரான் பாருங்க' என்று படத்துக்குக் கீழே எழுதியிருந்தான். நான் ஒரு நாளும் கோல் கீப்பராக நின்றவனில்லை. ரைட் ஹாஃப் ஆடியவன். பெற்ற பிள்ளைக்கே அது தெரியவில்லை, ஊரைச் சொல்லி என்ன? எங்கள் குடியிருப்பில் விழா நடந்தால் 'முன்னாள் ஹாக்கி வீரர்' என்று மைக்கில் சொல்லி, லெமன் ஸ்பூன் பந்தயத்துக்குப் பரிசு கொடுக்கக் கூப்பிடுவார்கள். நானும் வெட்கமில்லாமல் போய்க் கொடுத்துவிட்டு வருவேன்.

ஆனால் அந்தப் பேடைப் பார்த்ததும் மூக்கில் இலவம் பஞ்சு வாடை ஏறியது. வெயிலில் காய்ந்த பஞ்சுக்கு ஒரு தூசி நெடி உண்டு, தும்மல் வரும். தருமபுரியில் எங்கள் பள்ளி அணியின் கோல் கீப்பர் பஷீர். அவனுடைய அத்தா காதர் பாய் மெத்தை தைப்பவர். கடையில் விற்கிற பேடு வாங்க எங்களுக்கு வக்கில்லாததால், மெத்தைக்குப் போடுகிற நீலக்கோட்டுத் துணியிலேயே பஞ்சை அடைத்து, நடுநடுவே மூங்கில் சிம்பு வைத்து, மகனுக்குப் பேடு தைத்துக் கொடுத்திருந்தார். பஷீர் கோலில் நின்றால் யாரோ படுக்கையைக் கட்டிக்கொண்டு ரயிலுக்கு நிற்பதுபோல இருக்கும். கம்பைநல்லூர்ப் பையன்களோடு ஆடும்போது ஒரு தடவை நல்ல மழை. பேடு இரண்டும் தண்ணீர் குடித்து ஊதிப்போய் அவனால் காலைத் தூக்க முடியவில்லை. அப்படியே கோலுக்குக் குறுக்கே படுத்துக்கொண்டான். அன்றைக்கும் ஒரு கோல்கூட விழவில்லை.

மைதானம் என்று சொன்னால் புல்லை நினைத்துக்கொள்ளாதீர்கள். செம்மண்ணும் சரளையும்தான். பந்து எந்தக் கல்லில் பட்டு எந்தப் பக்கம் எகிறும் என்று யாருக்கும் தெரியாது, பஷீருக்கு மட்டும் தெரியும். எங்கள் பதினோரு பேரில் ஆட்டக்காரன் என்று சொல்லத் தக்கவன் அவன் ஒருவன்தான். இதை அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. எனக்கு அடக்கம் கிடையாது என்பது மேலே படித்தால் தெரியும்.

பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான மாநிலப் போட்டி வந்தது. பள்ளிக் கணக்குப்படி பஷீருக்கு நான்கு மாதம் கூடுதல். அந்தக் காலத்தில் பிறந்த தேதி என்பதே ஒரு விளையாட்டுத்தான். சேர்க்க வருகிற பெற்றோருக்குத் தேதி தெரியாவிட்டால் தலைமையாசிரியரே ஒன்றைப் போட்டுவிடுவார். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அணியின் படிவங்களையெல்லாம் பி.டி. சார் என்னிடம்தான் கொடுப்பார்.

"பஷீருக்கு ஒரு வருசம் கொறச்சுப் போட்றா. எல்லா ஸ்கூல்லயும் போட்றதுதான். அவங்கிட்டச் சொல்லாத, ஒளறிருவான்" என்றார்.

போட்டேன். படிவத்தின் அடியில் பெற்றோர் கையெழுத்துக்கு ஓர் இடம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மெத்தைக் கடைக்குப் போனவனும் நான்தான். காதர் பாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. பஞ்சு ஒட்டிய கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, "எங்க தம்பி வெக்கணும்?" என்று கேட்டார். விரலைப் பிடித்து மையில் தோய்த்து இடத்தைக் காட்டினேன். கட்டைவிரல் ரேகையோடு ஒரு பஞ்சு இழையும் தாளில் ஒட்டிக்கொண்டது. "எம்பையன் ஜெயிச்சிருவானா?" என்றார். அரையிறுதி வரைக்கும் போனோம்.

அந்தப் போட்டியில் கொடுத்த சான்றிதழை வைத்துத்தான் ஒன்றிரண்டு வருடம் கழித்து பெங்களூர்ப் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலைக்கு இருவரும் விண்ணப்பித்தோம். அங்கே ஹாக்கி அணி இருந்தது. ஆட்டக்காரர்களுக்கு நிரந்தர வேலை. தேர்வு ஆட்டத்தில் பஷீர் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு அவர்களுடைய பயிற்சியாளரே வந்து தோளில் தட்டினார். நான் அவனுடைய வாலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனவன். இரண்டு பேரையும் எடுத்துக்கொண்டார்கள், சான்றிதழ் சரிபார்ப்பதுதான் பாக்கி என்றார்கள்.

அதற்கு வரச் சொன்ன நாளில் சான்றிதழ் பார்க்கிற அதிகாரி "கூத்கோ" என்று கன்னடத்தில் உட்காரச் சொன்னார். மேசைமேல் பஷீரின் பள்ளிச் சான்றிதழ் இருந்தது. பக்கத்தில், போட்டி நடத்தியவர்களிடமிருந்து அவர் வரவழைத்திருந்த அந்தப் பழைய படிவம்.

"ஒரு ஆளு ரெண்டு வருசத்துல எப்டிப்பா பொறப்பான்?" என்றார்.

பஷீர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். "எனக்குத் தெரியாதுங்க சார். நான் பொய் சொல்லலைங்க."

"கீழ உங்க அப்பா கைநாட்டு இருக்கே." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீயும் அதே டீம்தானே? இது எப்படி வந்துச்சுன்னு தெரியுமா?"

தெரியும் என்று சொல்லியிருந்தால் என் விண்ணப்பத்தையும் சேர்த்துக் கிழித்திருப்பார். அல்லது, இது பள்ளிக்கூடத்தார் செய்த வேலை, இவன் மேல் குற்றமில்லை என்று அவனை விட்டிருப்பார். எது நடந்திருக்கும் என்று இந்த நாற்பது வருடமாக யோசிக்கிறேன். அன்றைக்கு யோசிக்கவேயில்லை. "தெரியாதுங்க சார்" என்றேன்.

பஷீரின் விண்ணப்பத்தை மட்டும் கிழித்தார். திரும்பும் பஸ் கிருஷ்ணகிரியைத் தாண்டியது. பஷீர் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டான்: "நீதான எங்க கடைக்கிப் போயி எழுதியாந்த? அத்தா உங்கிட்ட அந்த வருசந்தான் சொன்னாரா?"

"ஆமாடா" என்றேன்.

முதல் பொய்க்காவது வேலை என்று ஒரு காரணம் இருந்தது. இதற்கு என்ன காரணம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பி.டி. சாரைக் கேட்டிருப்பான். ஆனால் அவர் அதற்குள் மாற்றலாகி வேறு மாவட்டத்துக்குப் போயிருந்தார்.

என் ஹாக்கி வாழ்க்கையைப் பற்றித்தானே சொல்லவேண்டும், சொல்லிவிடுகிறேன், பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு மைதானத்துக்குப் போவோம், அதற்குத்தான் மாதச் சம்பளம். ஆறு வருடம் ஆடினேன். நடுவில் செயற்கைப் புல்தரை வந்தது. சரளையில் பழகிய நாங்கள் கல்லுக்குப் பயந்து பந்தை மட்டையோடு ஒட்டியே வைத்துக்கொள்வோம், அங்கே கல் இல்லாவிட்டாலும் கை கேட்காது. புதுப் பையன்கள் எங்களைக் கடந்து பறந்தார்கள். ஒருநாள் திரும்பிய வேகத்தில் வலது முழங்கால் பிசகியது. ஸ்டோர்ஸில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். நட்டும் போல்ட்டும் கொடுத்துக்கொண்டே ஓய்வு பெற்றேன். கோலில் நிற்க வேண்டியவன் நின்றிருந்தால் அந்த அணி ஒரு கோப்பையாவது ஜெயித்திருக்கும். நாங்கள் ஒன்றும் ஜெயிக்கவில்லை.

கால் போன புதிதில் மருத்துவ விடுப்பில் ஊருக்கு வந்தேன். படுத்துக் கிடந்தால் மனசாட்சி விழித்துக்கொள்ளும்போல. ஊன்றுகோலோடு மெத்தைக் கடைக்குப் போனேன். காதர் பாய் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பஷீர் தரையில் உட்கார்ந்து மெத்தைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தான். காலைப் பற்றி விசாரித்தான், டீ சொல்லி அனுப்பினான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சார் சொன்னது, நான் எழுதியது, அவனுடைய அத்தா எந்தத் தேதியும் சொல்லாதது, பஸ்ஸில் சொன்ன பொய், எல்லாம். மன்னிப்பான் என்றுதான் போயிருந்தேன். திட்டுவான், அழுவான், பிறகு கையைப் பிடிப்பான் என்று ஒத்திகைகூடப் பார்த்து வைத்திருந்தேன்.

அவன் ஊசியைத் துணியில் குத்தி வைத்தான்.

"அத்தாகிட்ட ஆறு வருசம் மூஞ்சி குடுத்துப் பேசலடா நானு. சோத்துக்கு வந்து ஒக்காந்தார்னா நான் எந்திரிச்சிப் போயிருவன். 'தப்பாச் சொல்லி எம்பொழப்பக் கெடுத்துட்டியே'ன்னு கடை முன்னாடி நாலு பேரு பாக்கக் கேட்டன். சாவறதுக்கு முந்தி கையப் புடிச்சிக்கிட்டு, 'நாந்தான் தெரியாமச் சொல்லிட்டன்போல இருக்குது, மன்னிச்சிருப்பா'ன்னாரு. சொல்லாதத சொன்னதா அவரே நம்பிட்டாருடா."

அவன் ஊசியை மறுபடி கையில் எடுத்தான்.

"நீ சொல்லிட்டு பெங்களூர் பஸ் ஏறிருவ. நான் இதக் கேட்டுட்டு இந்த வூட்லயேதான இருக்கணும்? இன்னம் ரெண்டு மாசம் முந்தி வந்திருக்கலாம்ல? இல்லாட்டி வராமயே இருந்திருக்கலாம்ல?"

டீ வந்தது. அவன் குடிக்கவில்லை. நான் குடித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அந்த மைதானத்தில் இப்போது வரிசையாகக் கடைகள் நிற்கின்றன, சரளை முழுவதும் சிமெண்டுக்கு அடியில் போய்விட்டது. மெத்தைக் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். ஊருக்குப் போன ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, காதர் பாயை அடக்கம் செய்த கபரஸ்தான் வரைக்கும் போனேன். பேர் எழுதிய கல் அங்கே அதிகமில்லை. வெறும் மண்மேடுகள், பாதி மேடுகள் மழையில் கரைந்து தரையோடு தரையாகிவிட்டன. எது காதர் பாயுடையது என்று பஷீர் ஒருவனால்தான் காட்ட முடியும். அவன் தெருமுனை டீக்கடையில்தான் உட்கார்ந்திருந்தான், என்னைப் பார்க்கவும் செய்தான். கேட்க எனக்கு வாய் வரவில்லை.