பாசிக் ஆற்றில் குப்பை அள்ளும் டோராய்

டோராய்க்கு வாய் கொஞ்சம் நீளம்தான். மணிலாவின் பாசிக் ஆற்றில் பதினோரு வருஷமாகக் குப்பை அள்ளுகிறாள். ஷாம்பு பாக்கெட், காபி பாக்கெட், ஒற்றைச் செருப்பு, டயபர் என்று ஊரே கழித்துக்கட்டியதை வலையில் வாரியவளுக்கு, யாரிடம்தான் பயம் மிஞ்சும்?

அந்த ஏப்ரலில் நகராட்சியிலிருந்து ஒரு அம்மாள் பார்வையிட வருவதாக இருந்தது. தண்ணீர் சுத்தமாக இல்லையென்றால் டோராயோடு சேர்த்து ஆறு பேருக்கும் வேலை காலி. வட்டத் தலைவர் அனக்ளெட்டோ ஒரு யோசனை சொன்னார். குப்பையை மறிக்கும் மிதவை வேலியை அவிழ்த்துவிட்டால் எல்லாம் கீழ் வட்டத்துக்குப் போய்விடுமாம்!

"வேணாம் தலைவரே. ஆத்துக்குத் தண்ணி விடற ஏரி வத்திக் கெடக்கு. பத்து மணிக்குக் கடல் ஏறும், ஆறு திரும்பிரும்" என்றாள் டோராய்.

"ஆறு கடலுக்குத்தான் போகும்னு உனக்குப் பள்ளிக்கூடத்துல சொல்லித் தரலையா?"

"எனக்குச் சொல்லித் தந்தாங்க. ஆத்துக்குத்தான் யாரும் சொல்லித் தரல."

தலைவர் கேட்டால்தானே! ஏழு மணிக்கு அவிழ்த்துவிட்டார்கள். ஒன்பதுக்கெல்லாம் தண்ணீர் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. பத்துக்கு அம்மாள் வந்தார். புதுச் சட்டை, புது ஷூவோடு தலைவர் மைக்கைப் பிடித்தார், விடவே இல்லை. பேச்சு முக்கால் மணி நேரம் ஓடியபோது கீழேயிருந்து ஒரு டயபர் ஆடி அசைந்து வந்தது. பின்னாலேயே மொத்தக் குப்பையும் வந்தது. அடுத்த வட்டத்தின் பழைய மெத்தையும் கூடவே வந்தது.

"இதெல்லாம் எங்கேருந்து வருது?" என்றார் அம்மாள்.

"மேல இருக்கறவங்க போடறது மேடம்!" என்றார் தலைவர்.

கீழேயிருந்து வருவது ஊருக்கே தெரிந்தது. அம்மாள் டோராய் பக்கம் திரும்பினார். அவள் வலையைக் கீழே வைத்தாள். வீட்டில் நாலு வயிறு, சம்பளம் இவள் ஒருத்தியுடையது.

"காலைல நாங்கதான் மேடம் அவுத்து விட்டோம். தலைவர் சொன்னாரு."

"ஆறு திரும்பும்னு தெரியாதா?"

"எங்களுக்குத் தெரியும். அவருக்கு இப்பத்தான் தெரியுது."

தலைவர் ஒருவழியாக மைக்கை விட்டார். அம்மாள் சிரிக்கவில்லை. "ஆறு பேரும் வேலைல இருங்க. ஆனா இந்தக் குப்பைக்கு ஆறு பேர் பத்தாது. தலைவரே, ஷூவைக் கழட்டுங்க."

டோராய் குப்பைப் படகில் ஏறி, நகர்ந்து இடம் விட்டாள்.

"பாத்து ஏறுங்க தலைவரே, நடுவுல ஒக்காருங்க. விழுந்து வச்சீங்கன்னா உங்களையும் நாங்கதான் அள்ளணும்."