இன்ஸ்பெக்டர் ஷூ கழற்றிய வீடு

எங்கள் வீட்டு வாசலில் நின்று இப்போதெல்லாம் படம் பிடித்துக்கொள்கிறார்கள். பெங்களூர் விவேக் நகரில் வியாழக்கிழமை சர்ச்சுக்கு வருகிற கூட்டம் எனக்குப் பழக்கம். இது வேறு கூட்டம். முதுகில் பை மாட்டிய காலேஜ் பிள்ளைகள் சந்துக்குள் வந்து, "ஆன்ட்டி, அந்தப் படத்துல வர்ற வீடு இதுதானே?" என்று கேட்பார்கள். நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, "வீடு மட்டுமில்ல, அந்தப் பொம்பளையும் நான்தான்" என்பேன். சொல்லும்போது வருகிற பெருமையை மறைக்க மாட்டேன். எதற்கு மறைக்க வேண்டும், திருடியா சம்பாதித்தேன்?

படம் ஒரு கொலைக் கதை. ஆனால் பாட்டு கிடையாது, அடிதடி கிடையாது, கொலையைக்கூடக் காட்டவில்லை. ஓசூர் ரோட்டுக் கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறவன் கான்ட்ராக்டரைக் கொன்றுவிட்டு ஓடிவிடுகிறான். அதற்குப் பிறகு அவன் பெண்டாட்டி எப்படிப் பால் வாங்கக் கடைக்குப் போகிறாள், பக்கத்து வீட்டுக்காரி எப்படி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், அவ்வளவுதான் கதை. கொலைகாரன் என்றால் மீசையும் அருவாளும் என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு, நம்மோடு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவன் அப்படிச் செய்தான் என்றால் பக்கத்தில் நிற்கிறவனைத் திரும்பிப் பார்க்கத்தானே தோன்றும்.

அந்தப் பெண்டாட்டிதான் நான். எனக்கு நடிப்பு என்றால் என்னவென்றே தெரியாது. இயக்குநர் கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளை, ஐடியில் வேலை பார்த்துக்கொண்டே இந்தப் படத்தை எடுத்தான். ஷூட்டிங்குக்கு வீடு கேட்டு வந்தான். "சினிமாவும் வேணாம், கினிமாவும் வேணாம், நடையக் கட்டு" என்று வாசலிலேயே விரட்டினேன். மறுநாளும் வந்தான், மறுபடி விரட்டினேன். மூன்றாவது தடவை வந்தபோது வீட்டோடு சேர்த்து என்னையும் கேட்டான். "ஆன்ட்டி, என்னைத் திட்டினீங்களே, அதே மாதிரி படத்துல பேசுவீங்களா?" என்றான். என் வீட்டுக்காரர் பொம்மசந்திரா ஃபேக்டரியில் ஷிப்ட் முடிந்து வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, "முப்பது வருஷமா ஃப்ரீயா கேட்டுக்கினு இருந்தேன், இனிமே டிக்கெட் வாங்கிக் கேக்கணுமா?" என்றார். அவருக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

ஊரெல்லாம் பேசுகிற அந்தக் காட்சியைச் சொல்கிறேன். போலீஸ் வீட்டைச் சோதனை போட வருகிறது. நான் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்று அழ வேண்டும். இயக்குநர் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொடுத்திருந்தான். ஆனால் அன்றைக்கு முந்தின நாள் மழை. சந்தில் சாக்கடை வேலைக்காகத் தோண்டிப் போட்டு ஒரே சேறு. சினிமாக்காரர்கள் வருகிறார்கள் என்று காலையிலேயே வீட்டை இரண்டு தடவை துடைத்திருந்தேன். இன்ஸ்பெக்டராக நடித்தவர் கன்னட நாடகத்தில் நடிக்கிற ஆள், ஆறடி உயரம். கேமரா ஓடுகிறது, அவர் பாட்டுக்குச் சேற்று ஷூவோடு முன்னறைக்குள் காலை வைத்தார். எதிரே மாதா பீடம், விளக்கு எரிகிறது. எனக்குக் கேமராவும் மறந்தது, கதையும் மறந்தது.

"ஸ்வல்ப நில்லுங்க சார். ஷூ பூட்ஸ் எல்லாம் வெளிய. இப்பத்தா தொடச்சிகீறேன், கலீஜ் பண்ணாதீங்க."

அந்த மனுஷன் நிஜமாகவே பயந்துவிட்டார். பின்வாங்கி, வாசலில் குனிந்து, ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். பின்னால் வந்த கான்ஸ்டபிள்களும் அவிழ்த்தார்கள். இயக்குநர் கட் சொல்லவில்லை. எல்லோரும் சாக்ஸ் காலோடு வீட்டுக்குள் பூனை மாதிரி நடந்து கொலைகாரனைத் தேடினார்கள். ஒருவர் சாக்ஸில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அடடா, நாம் அழ வேண்டிய இடமாயிற்றே என்று. அழுகை தானாக வந்தது. பாவம் அந்தப் பையன் படத்தைக் கெடுத்துவிட்டோமே என்று அழுதேன்.

அந்த ஷூவையும் அழுகையையும் பற்றித்தான் பெரிய பெரிய ஆட்கள் எழுதினார்கள். அதிகாரத்தைச் செருப்பு விடும் இடத்தில் நிறுத்தியவள் என்று ஒரு பத்திரிகையில் வந்தது. வெளிநாட்டில் எங்கேயோ போட்டபோது அந்த இடத்தில் கை தட்டினார்களாம். இங்கே பெங்களூரிலேயே ஒக்கலிபுரத்தில் இரண்டு பிள்ளைகள் இதே மாதிரி தெருக்காரர்களை வைத்து வேறு ஒரு படம் எடுக்கிறார்கள். எங்கள் பீட் கான்ஸ்டபிள்கூட ஏதோ பேப்பரில் கையெழுத்து வாங்க வந்தவர், வாசலில் நின்று தன் ஷூவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இத்தனை பேர் பார்த்த படத்தை என் மகள் மட்டும் அப்போது பார்க்கவில்லை. அவளைச் சென்னையில் கட்டிக்கொடுத்தோம். கல்யாணத்தன்றே சம்பந்தி வீட்டில் நான் பேசுவதைக் கேட்டுச் சிரித்தார்கள். இது தமிழா கன்னடமா என்று ஒரு அம்மாள் கேட்டார். அதற்குப் பிறகு என் மகள் பேச்சை மாற்றிக்கொண்டாள். சட்டை மாற்றுவதுபோல் அவ்வளவு சுலபமாக மாற்றினாள். என்னிடமும், "அம்மா, இங்க வரும்போது கொஞ்சம் பார்த்துப் பேசு" என்றாள். எனக்கு எப்படி இருந்திருக்கும்? அவளைத் தாலாட்டியதே இந்த வாய்தான். படம் பெங்களூரில் ஓடியபோது வேலை இருக்கிறது என்றாள். என்ன வேலை என்று எனக்குத் தெரியும், கேட்கவில்லை.

போன வருஷம் சென்னைக் கம்பெனி ஒன்று தமிழ்நாடு முழுக்கப் படத்தை வெளியிட முன்வந்தது. ஒரே ஒரு நிபந்தனை. என் பேச்சு அங்கே புரியாது, நல்ல தமிழில் வேறு யாரையாவது வைத்துக் குரல் கொடுக்கச் சொன்னார்கள். இயக்குநர் போனில் இதைச் சொல்ல முடியாமல் மென்று முழுங்கினான். "முகம் என்னுது, வாய் இன்னொருத்தியோடதா? நல்லாக்கீதுப்பா உங்க நியாயம்" என்றேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் நானே வந்து அவர்கள் கேட்கிற தமிழில் பேசுகிறேன் என்று ஒத்துக்கொண்டேன். இன்னொருத்தி குரல் என் உதட்டில் வருவதைவிட, பொய்யாகப் பேசினாலும் நானே பேசுவது மேல் என்று தோன்றியது.

சென்னையில் மகள் வீட்டில்தான் தங்கினேன். அவள் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து எனக்குப் பாடம் எடுத்தாள். "ஒரு நிமிஷம் நில்லுங்க சார், ஷூவைக் கழட்டிட்டு வாங்க, இப்பதான் வீட்டைத் துடைச்சேன்." நான் சொல்வேன், அவள் திருத்துவாள். "துடைச்சேன் அம்மா, தொடச்சிகீறேன் இல்ல." நாய் வாலை நிமிர்த்த முடியுமா? ஆனாலும் விடாமல் சொல்லிச் சொல்லிப் படித்தேன். அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது, அது என்னை ரொம்பக் குத்தியது.

மறுநாள் ஸ்டுடியோவுக்கு அவளும் துணைக்கு வந்தாள். கம்பெனிக்காரர் மரியாதையான மனுஷர். என் மகளோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "நீங்க அழகா பேசறீங்களே, அம்மாவுக்கும் நீங்களே சொல்லிக் குடுங்க" என்றார். அவளையும் இயக்குநரையும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்தார்கள். இந்தப் பக்கம் மைக் முன்னால் நான், காதில் பெரிய ஹெட்போன். முதலில் பழைய குரலோடு அந்தக் காட்சியைத் திரையில் ஓட்டினார்கள். என் மகள் முதன்முதலாக அதைப் பார்த்தாள். நான் திரையைப் பார்க்கவில்லை, கண்ணாடி வழியாக அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்ஸ்பெக்டர் குனிந்து கயிற்றை அவிழ்த்தபோது அவள் சிரித்தாள். நான் அழுதபோது வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு காட்சியைச் சத்தமில்லாமல் ஓட்டினார்கள். நான் படித்த பாடத்தை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தேன். கோபமே வரவில்லை. டீச்சரிடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி இருந்தது. சவுண்டு பார்க்கிறவர் கட்டைவிரலை உயர்த்தினார். கம்பெனிக்காரரும் தலையாட்டினார்.

அவர்கள் என்னோடு பேசுவதற்கு அந்தப் பக்கம் ஒரு மைக் திறந்தே இருந்தது. அதன் வழியாக என் மகள் குரல் காதுக்குள் கேட்டது.

"இன்னா சார் இது, எங்கம்மா பேசற மாதிரியே இல்லியே."

கம்பெனிக்காரர் திரும்பினார். "மக்களுக்குப் புரியணும் இல்லீங்களா?"

"எனக்குப் புரிஞ்சிது சார். தொடச்ச வூட்ல ஒருத்தன் சேத்துக் காலோட வந்தா எந்தப் பொம்பளையும் கத்துவா. இதுல இன்னா புரியல? மொதல்ல இருந்ததே இருக்கட்டும்."

"நீங்க சென்னைன்னு நினைச்சேன்" என்றார் அவர்.

"நா பெங்களூருதா சார். எங்க வூட்ல இப்பிடித்தா பேசிக்குவோம்."

இயக்குநர் எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றான். கம்பெனிக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பழைய குரலையே வைத்துக்கொள்ளலாம் என்றார். இன்றைக்கு எந்த ஊர் தியேட்டரில் அந்தப் படத்தைப் பார்த்தாலும் நீங்கள் கேட்பது என் குரல்தான்.

சவுண்டு பார்க்கிறவர் வெளியே வரலாம் என்று கை காட்டினார். நான் நகரவில்லை. கல்யாணமாகிப் போன நாளிலிருந்து என் பிள்ளை அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தாள், நான் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.