நாற்பத்தொரு நாள் வெறுங்கால்

ஜனவரி மாதக் கடைசியில் யாராவது ஸ்கூல் ஷூ வாங்கப் போவார்களா? நான் போனேன். போன ஞாயிற்றுக்கிழமை, திருப்பதியில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற ஒரு கடைக்கு.

கடையில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. விற்பனையாளருக்கு ஐம்பது வயது இருக்கும். நகரி ஊர்க்காரர். தெலுங்கில் ஆரம்பித்து, நானும் என் பெண்ணும் பேசிக்கொள்வதைக் கேட்டதும் தமிழுக்கு மாறிக்கொண்டார்.

"ஸ்கூல் ஷூக்கு ஜூன்லதான் சார் வருவாங்க. இன்னா, பாப்பா தொலைச்சிட்டுதா?"

தொலைக்கவில்லை. பழைய ஷூ என் கையில் ஒரு பையில் இருந்தது. எடுத்துக் காட்டினேன். அடிப்பாகம்கூட சரியாகத் தேயவில்லை. ஒன்பது வயசுப் பெண் ஜூன் மாசத்திலிருந்து போட்ட ஷூ அப்படியா இருக்கும்? அவர் என் பெண் யாமினியின் சாக்ஸைக் கழற்றினார்.

இரண்டு கட்டைவிரல் நகங்களும் கறுத்துப் போயிருந்தன. சுண்டுவிரல் பக்கத்து விரலுக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. அதை மெதுவாக நிமிர்த்திப் பார்த்தார். விட்டதும் மறுபடி மடங்கிக்கொண்டது.

"எத்தினி நாளாம்மா இப்பிடிக்குது?"

யாமினி திரும்பினாள். என் முகத்தைப் பார்த்தாள். பதில் சொல்லலாமா என்று கேட்கிற பார்வை அது.

இங்கே உங்களிடம் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ஜூன் மாதம் இந்தப் பத்திரிகையின் இதே பக்கத்தில் ஷூ பற்றி எழுதியிருந்தேன். பிள்ளைகளுக்கு இரண்டு நம்பர் பெரிதாக வாங்கி, முனையில் பஞ்சை அடைத்து அனுப்பும் பெற்றோர்களை ஒரு பிடி பிடித்திருந்தேன். நினைவிருக்கிறதா? மறந்திருந்தால் நல்லது. நினைவு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

எங்கள் வீட்டு நிலவரம் உங்களுக்குத் தெரியும். மனைவிக்குக் கங்காதர நெல்லூரில் கிராம சச்சிவாலயம் என்கிற ஊர் அலுவலகத்தில் வேலை, யாமினியும் அங்கேதான்; எனக்குத் திருப்பதியில். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்துப் போவேன். திங்கட்கிழமை காலை திரும்பிவிடுவேன். நடுவில் இருக்கிற ஒரே ஒரு நாள்தான் நான் அப்பா.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாமினியை சோபாவில் உட்காரவைத்து, அவள் காலை என் மடியில் வைத்துக்கொண்டு, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டேன். திருப்பதிக்கு எடுத்து வந்து கத்தரித்தேன். கடையில் அந்தத் தாளை ஷூவுக்குள் வைத்துப் பார்த்துப் பார்த்து வாங்கினேன். கச்சிதம். நூல் அளவுகூட மிச்சமில்லை. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்... பார்த்தீர்கள்தானே, அதைத்தான் பத்தியாக எழுதினேன்.

கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நிக்க வெச்சி வரைஞ்சீங்களா, ஒக்கார வெச்சா?"

"ஒக்கார வெச்சித்தான்."

"ஒக்காந்தா கால்ல பாரமே இல்லியே சார். நின்னாத்தான் பாதம் பரவும், நீளும். இது ஒரு நம்பர் சின்னது. ஒன்னரைகூட இருக்கும்."

சரி, சின்ன ஷூ என்றால் குழந்தை சொல்லியிருக்க வேண்டாமா? — இதைத்தானே கேட்கப் போகிறீர்கள்?

சொன்னாள். ஜூலையில் போனில் சொன்னாள். "நைனா, ஷூ கால புடிக்குது."

"புது ஷூ அப்பிடித்தாம்மா இருக்கும். போட்டுக்கினே இரு, எளகிடும்."

அடுத்த வாரமும் சொன்னாள். அதே பதில். ஆகஸ்டில் இன்னொரு முறை. அன்றைக்கு நான் ஒரு அவசர வேலையில் இருந்தேன். "அப்பறம் பேசலாண்டா" என்று வைத்துவிட்டேன். அப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஷூ இளகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கார்த்திகை வந்தது. வருஷா வருஷம் நான் சபரிமலைக்கு மாலை போடுகிறவன். இந்த முறை யாமினி தானாகவே வந்து, "நானும் போட்டுக்கறேன் நைனா" என்றாள். வீட்டில் எல்லோருக்கும் புல்லரித்துவிட்டது. ஒன்பது வயசு. பத்து ஆகிவிட்டால் அப்புறம் பெண்பிள்ளைக்கு மலையேற வழியில்லை. என்ன நேரத்தில் கேட்டாள் பாருங்கள் என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டேன்.

கறுப்புப் பாவாடை, கழுத்தில் துளசிமணி. காலில் எதுவும் இல்லை. எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் மாலை போட்ட பிள்ளைகளை யூனிஃபார்ம் கேட்க மாட்டார்கள், ஷூவும் கேட்க மாட்டார்கள். டீச்சரே "சாமி, கூர்ச்சோண்டி" என்று மரியாதையாக உட்காரச் சொல்வார். நாற்பத்தொரு நாளும் அவள் முகத்தில் ஒரு தெளிவு. விடியற்காலை பச்சைத் தண்ணீரில் குளிக்க ஒரு நாள்கூட முரண்டு பிடிக்கவில்லை. ஆபீசில் இதைச் சொல்லிச் சொல்லி எல்லோரையும் அறுத்தேன்.

நகம் கறுத்திருந்ததை என் மனைவி கவனித்திருக்கிறாள். "வெறுங்கால்ல நடக்கறா, கல்லுல இடிச்சிக்கினா போல" என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றினோம். அன்றைக்கு யாமினி அழுதாள். சாதாரண அழுகை இல்லை, தேம்பித் தேம்பி. "நாளைக்கே மறுபடியும் போட்டுக்கலாமா நைனா?" என்று கேட்டாள். இனிமேல் உன்னால் போட முடியாதம்மா, வயசாகிவிடும் என்றேன். இன்னும் அழுதாள். இந்த வயசில் இவ்வளவு பக்தியா என்று என் கண்ணும் கலங்கியது. அதையும் நாலு பேரிடம் சொன்னேன்.

சங்கராந்தி லீவு முடிந்து ஸ்கூல் திறந்த மூன்றாம் நாள் டீச்சரிடமிருந்து மனைவிக்கு போன். பிரேயருக்கு ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறாளாம். வகுப்பில் பெஞ்சுக்கு அடியில் கழற்றி வைத்துவிடுகிறாளாம். விளையாட்டு பீரியடில் வயிற்றுவலி என்று உட்கார்ந்துகொள்கிறாளாம். ஜூலையிலிருந்தே இப்படித்தான், நடுவில் மாலை போட்டிருந்தபோது மட்டும் நன்றாக ஓடியாடினாள் என்றாராம் டீச்சர்.

மனைவி இதைச் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே என்று கத்தினேன். அந்தக் கோபத்தோடுதான் திருப்பதிக்குக் கூட்டிவந்தேன். கடைக்காரர் சாக்ஸைக் கழற்றுகிறவரை அது இருந்தது.

அவர் முதல் ஜோடியைப் போட்டுவிட்டு நிற்கச் சொன்னார். "எப்பிடிக்குது பாப்பா?"

"சரியா இருக்கு."

அவர் கட்டைவிரலால் ஷூவின் முனையை அழுத்திப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். கழற்றிவிட்டு அடுத்தது. "இது?"

"சரியா இருக்கு."

"நடந்து பாரு." நடந்தாள். நொண்டுவது எனக்கே தெரிந்தது. அதையும் கழற்றினார். மூன்றாவதில் விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருந்தது, அகலமும் இருந்தது. "இப்போ?"

"சரியா இருக்கு."

மூன்றுக்கும் ஒரே குரல். கடைக்காரர் என்னிடம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சார், பாப்பா சொல்றத நம்பாதீங்க. மாசத்துக்கு ஒருக்கா நீங்களே அழுத்திப் பாருங்க."

பதினெட்டு வருஷமாகக் கடையில் உட்கார்ந்து பிள்ளைகளின் காலைப் பார்க்கிறவராம். என் பெண்ணைப் பற்றிப் பத்தே நிமிஷத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. வலித்தால் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை அவள். மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். அப்புறம் எங்கே சொன்னால் எடுபடுமோ அங்கே, ஷூ கேட்காத மாலைக்குள், போய் நின்றுகொண்டாள். நகம் ஆறு மாதத்தில் புதிதாக வளர்ந்துவிடும், சுண்டுவிரலை டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். அவள் சொல்வதையே நிறுத்திவிட்டதை யாரிடம் காட்டுவது?

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கிவிட்டாள். வழியில் பாகாலாவரைக்கும் எனக்கு ஒரே நினைப்பு.

இருமுடி கட்டிய அன்று, குருசாமி சொன்னபடி, சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து யாமினியின் காலில் விழுந்தார்கள். மாலை போட்டுவிட்டால் சின்னது பெரியது கிடையாது, சாமிதான். நானும் விழுந்தேன். அந்தக் கட்டைவிரல்கள் இரண்டையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவள் காலைச் சட்டென்று பின்னால் இழுத்தாள். கூச்சப்படுகிறாள் என்று எல்லோரும் சிரித்தோம்.

காலில் விழுகிறவர்கள் யாரும், வலிக்கிறதா என்று சாமியைக் கேட்பதில்லை.