ஜிம்மில் மாமாவைத் தெரியாது என்றேன்

என் மாமா சங்கர்ராம் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் இருபத்தாறு வருஷமாக சாம்பிள் பார்க்கிறார். வருகிற மூட்டை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் உருட்டி, ஊதி, இரண்டைக் கடித்துப் பார்த்துத் தரம் சொல்வதுதான் வேலை. மூட்டை தூக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஐம்பது வயதுக்குள் மாமா தூக்கிய பெரிய பாரம் ஒரு பிடி மிளகு என்று நான் வீட்டில் சொல்லிச் சிரிப்பதுண்டு. அடுத்தவரைப் பார்த்துச் சிரிப்பதில் நான் கெட்டிக்காரன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தின் லட்சணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் கல்யாணங்களில் மாலை மாற்றும்போது பெண்ணை அவளுடைய தாய்மாமன் தூக்க வேண்டும். மாப்பிள்ளையை அவன் மாமன் தூக்குவான். மூன்று முறை மாலை மாறும். மூன்று வருஷத்துக்கு முன்பு, பெரியம்மா திரிபுரசுந்தரியின் மூத்த பெண் அதிதியின் கல்யாணத்தில், இரண்டாவது மாலையின்போது மாமாவுக்கு முழங்கால் மடங்கிவிட்டது. அதிதி கீழே விழுந்தாள். கணுக்கால் வீங்கி, நொண்டிக்கொண்டே அக்னியை வலம் வந்தாள். எல்லோரும் சிரித்துச் சமாளித்தார்கள். மாமா மட்டும் அன்று பந்தியில் உட்காரவே இல்லை.

அதனால் இளையவள் அம்முவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் பெரியம்மா ஒரு முடிவு செய்தாள். மாமா கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே அதைச் சொல்லவும் செய்தாள்.

"இந்தத் தடவை அபிராம் தூக்கட்டும். அவன்தான் தினம் ஜிம்முக்குப் போறானே. சங்கரா, நீ பக்கத்துல நின்னு மாலையை எடுத்துக் குடுத்தாப் போறும், கேட்டியோ?"

"சரிக்கா" என்றார் மாமா, காப்பி டம்ளரைப் பார்த்தபடி.

மாமாவுக்குக் குழந்தைகள் இல்லை. அதிதியையும் அம்முவையும் பத்து வருஷம் ஸ்கூட்டரில் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டவர் அவர். அம்மு ஏதோ சொல்ல வாயெடுத்தாள்; பெரியம்மா முறைத்ததும் அடங்கிவிட்டாள். அபிராம் என்கிற நான், இருபத்தைந்து வயதில் இரண்டு வருஷமாக வளர்த்த கையை மடக்கிப் பார்த்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு மாமா நான் போகும் ஜிம்முக்கு வந்து நின்றார். அது டைல்ஸ் கடைக்கு மேலே ஒரு மாடி. நான் அங்கே போவது அவருக்குத் தெரியாது. அவர் நடந்து வரக்கூடிய தூரத்தில் ஜிம் என்று இருந்தது அது ஒன்றுதான். செருப்பைக் கீழேயே விட்டிருந்தார். வாசலில் நின்று சுவரைப் பார்த்தார். சுவர் முழுக்கச் சட்டையில்லாத ஆண்களின் படங்கள். அதுதான் இங்கே முறை போலிருக்கிறது என்று நினைத்துவிட்டார். கோயில் நடை தாண்டும்போதெல்லாம் சட்டையைக் கழற்றிப் பழகிய உடம்பு அல்லவா! நிதானமாகப் பொத்தான்களைக் கழற்றி, சட்டையை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். பூணூல், தொப்பை, நெஞ்சில் மூன்று கோடு விபூதி. நேரே முதல் மிஷினிடம் போய், அதன் இரும்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஜிம்மே சிரித்தது. பயிற்சி கொடுக்கும் நவாஸ் அண்ணன், எங்களுக்கெல்லாம் நவாஸிக்கா, அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"சேட்டா, ஷர்ட் இடணம், கேட்டோ. பெஞ்செல்லாம் வியர்ப்பாகும்" என்று தன்மையாகச் சட்டையைப் போடச் சொன்னார். பிறகு, பூணூலைப் பார்த்து எங்கள் ஆள் என்று ஊகித்து, எனக்குத் தெரியுமா என்று என் பக்கம் திரும்பிக் கேட்டார். "அபி, நிங்ஙளுடெ ஆளல்லே? அறியுமோ?"

என்னோடு பயிற்சி செய்யும் நாலைந்து பேர் இன்னும் சிரித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்கள். மாமாவும் அப்போதுதான் என்னைப் பார்த்தார். அவர் முகம் மலரத் தொடங்கியது.

"இல்லிக்கா. அறியில்ல" என்றேன்.

இரண்டு கை தூரத்தில்தான் நின்றிருந்தார். காதில் விழாமல் இருக்க வழியில்லை. மலரத் தொடங்கிய முகம் அப்படியே நின்றது. அவசரமாகச் சட்டையை மாட்டினார். பொத்தான் மாறிப் போட்டுக்கொண்டதில் சட்டை ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் தெரிந்தது. அதைத் திருத்தக்கூட எனக்கு உரிமை போய்விட்டது.

அன்று அவர் உட்கார்ந்த மிஷினில் முந்தைய ஆள் அறுபது கிலோவில் ஆணியைச் செருகிவிட்டுப் போயிருந்தான். மாமா கம்பியைப் பிடித்து, கண்ணை மூடி, மூச்சடக்கி இழுத்தார். எதுவும் அசையவில்லை. எழுந்து போய், இது கேடாகிவிட்டது என்று நவாஸிக்காவிடம் மெதுவாகப் புகார் செய்தார். மறுபடியும் சிரிப்பு. நவாஸிக்கா ஆணியைப் பிடுங்கிப் பத்தில் போட்டார். இப்போது இழுத்ததும் இரும்பு மேலே போயிற்று. மாமா சந்தோஷமாகச் சுற்றிலும் பார்த்தார்; பார்வை என்னிடம் வந்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். நான் வேறு நேரத்துக்கு மாறியிருக்கலாம். தினமும், அவர் என் மாமா என்று நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றே போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள் என் பக்கத்தில் இருந்த டம்பெல்லைக் காட்டி, "இதை எடுத்துக்கட்டுமா ஸார்?" என்று கேட்டார். டேய் என்று கூப்பிட்டே வளர்த்த மாமா! செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை. வீட்டுக்கு வரும்போது மட்டும் எப்போதும் போல, "ஆபீஸெல்லாம் எப்படிடா?" என்பார். ஜிம் பேச்சு வாயிலிருந்து வராது.

அம்முவின் எடை ஐம்பத்திரண்டு கிலோ என்று எப்படியோ தெரிந்துகொண்டிருந்தார். நவாஸிக்காவிடம் அதைச் சொன்னபோது, தூக்கும்போது அவள் சிரித்துக்கொண்டே ஆடுவாள் என்பதையும் சேர்த்துச் சொன்னார். நவாஸிக்கா ஒரு காலி மிளகுச் சாக்கில் மணலை நிரப்பி, வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். மாமா அதைத் தோளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார். சாக்கைத் தூக்கும்போதெல்லாம் ஜிம்மில் பாதிப் பேர் தும்மினார்கள். ஆறாவது வாரத்துக்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. பத்தாவது வாரம் ஐம்பத்தைந்து கிலோவோடு எழுந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு தட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

கல்யாணத்தன்று மாலை மாற்றும் நேரம் வந்தது. பெரியம்மா கூட்டத்தில் தேடி, "அபிராம், வாடா" என்றாள். மாமா ஒரு தூணோரம் மாலைத் தட்டை ஏந்தி நின்றார். பஞ்சகச்சத்தை இறுக்கிக் கட்டியிருந்தார். யாரும் கூப்பிடமாட்டார்கள் என்று தெரிந்தும் அப்படிக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மாமா தூக்கட்டும் பெரியம்மா."

"அவனா? இவளுக்கும் கால் ஒடியணுமா?"

"ஒடியாது. பத்து வாரமா ஜிம்முக்குப் போறார். நான் தினம் பார்க்கறேன்."

"தினம் பார்க்கறயா? ஒரு நாள் சொன்னதில்லையேடா!"

மாமாவின் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டேன். அம்மு, "மாமா, வாங்கோ" என்று ஓடிவந்து நின்றாள். மாமா முழங்காலை மடக்கிக் குனிந்து அவளைத் தோளில் ஏற்றி எழுந்தார். கால் நடுங்கியது, ஆனால் மடங்கவில்லை. முதல் மாலை, இரண்டாவது மாலை. இரண்டாவதில் அதிதி வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்றாவது மாலையும் விழுந்தபோது மாமா அழுதுகொண்டிருந்தார்.

இறக்கிவிட்டு மூச்சு வாங்கும்போது, மாமா அழைத்திருந்த நவாஸிக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவரைக் கட்டிப்பிடித்தார். பக்கத்தில் தட்டோடு நின்ற என்னைப் பார்த்துத் திகைத்தார்.

"அபி? நீ எந்தா இவிடே?"

நான் வாய் திறக்கும் முன் மாமா முந்திக்கொண்டார். "ஞான் விளிச்சதா. ஜிம்மில் கண்டு பரிசயமல்லே."

ஜிம்மில் பார்த்த பழக்கத்தில் தானே என்னை அழைத்ததாக எனக்காகப் பொய் சொன்னார், அந்த நிலைமையிலும்.

"என்டெ அம்மாவனாணு இக்கா. சொந்தம் அம்மாவன்" என்று, அவர் என் சொந்தத் தாய்மாமன் என்பதைச் சொல்லிவிட்டேன்.

நவாஸிக்கா என்னையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ, அன்னு..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். அந்த முதல் நாள் அவருக்கும் மறந்திருக்கவில்லை.

மாமா அவர் தோளில் கை போட்டு, பாயசம் தீருவதற்குள் வா என்று பந்திக்குக் கூட்டிக்கொண்டு நடந்தார். நாலடி போனதும் திரும்பிப் பார்த்தார்.

"டேய் அபி, நின்னுண்டே இருக்கியே? வாடா. நம்ம மூணு பேருக்கும் சேர்ந்து இலை போடச் சொல்லியிருக்கேன்."

போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் இலையில் பாயசத்தை அவரே விட்டார். கடைசி வரை நான் தலையை நிமிர்த்தவில்லை.